எலி வளையும் கூகைப் பொந்தும்: பிள்ளைகளுக்கு வயலே பாடம்

சிங்கம் குகையில் வாழும், கரடி காட்டில் வாழும் என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் தம் வீட்டு நெல்லைத் தின்னும் எலி எங்கே குடியிருக்கிறது, அந்த எலியைத் தின்னும் கூகை எங்கே தங்குகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. காவிரியின் கடைமடையான காரைக்கால் பகுதியில் இப்பாடத்தைக் கற்பிக்கக் காடு தேட வேண்டியதில்லை. மாட்டுக்கொட்டகையும் வரப்புமே போதும். இதனால் பிள்ளைகளுக்கு அறிவு வளரும். விவசாயிக்கு நெல் மிஞ்சும்.

கொட்டகையில் முதல் பாடம்

உணவு, நீர், காற்று, தங்குமிடம் ஆகிய நான்கும் எல்லா உயிர்களுக்கும் வேண்டும். இதைப் பிள்ளைகள் மாட்டிடமிருந்தே அறியலாம். கோடையில் ஒரு மாடு நாளொன்றுக்கு எத்தனை குடம் நீர் குடிக்கிறது என்று எண்ணச் சொல்லலாம். உம்பளாச்சேரிக் கன்று பிறக்கும்போது செம்மை நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறுவதைக் காட்டலாம். டெல்டாவின் சேற்று வயலில் உழைக்க ஏற்ற இனம் இது. பிராணிக்கும் அது வாழும் இடத்துக்கும் உள்ள பொருத்தம் இதிலிருந்து விளங்கும்.

வரப்பில் இரண்டாம் பாடம்

வளை வாயில் புது மண் தள்ளியிருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று பொருள். வரப்பெலி நெற்கதிர்களை அறுத்து வளைக்குள் சேமித்து வைக்கும். அகலமான, புல் மண்டிய வரப்பே அதற்கு நல்ல வீடு. ஆகவே வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் சிறிதாக அமைத்து, புல்லைச் செதுக்கி வைத்தால் எலிக்கு இடமில்லாமல் போகும். எஞ்சியவற்றைத் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கலாம்.

கூகை செய்யும் வேலை

கூகையைச் சாக்குருவி என்று சொல்லிக் கல்லெறியும் வழக்கம் இன்னும் உண்டு. உண்மையில் அது விவசாயியிடம் கூலி கேட்காத காவலாளி. பகலில் பழைய மரப்பொந்திலும் கோயில் கோபுரத்திலும் தங்கி, இரவில் எலியைப் பிடித்து முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். காய்ந்த உருண்டை ஒன்றைப் பிள்ளைகள் குச்சியால் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டையோடு கிடைக்கும். இதைக் கண்ட பிள்ளை பிறகு கூகை மீது கல்லெறியாது.

வயலில் ஏக்கருக்கு 16 முதல் 20 வரை 'டி' வடிவக் குச்சிகளை நட்டால் கூகை இரவில் வந்து அமரும். பொந்துள்ள பழைய மரங்களை வெட்டாமல் விடுவது நலம். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் ஆபத்து என்பதை மறக்கலாகாது.

தவளைக்கு வேண்டியது

தவளை நீரில் முட்டையிடும். தலைப்பிரட்டை நீரில் வளர்ந்து, பின் கரையேறிப் பூச்சிகளைத் தின்னும். அதன் தோல் ஈரமாக இருக்க வேண்டும். நீரையும் தோல் வழியாகவே உறிஞ்சும். எனவே பூச்சிமருந்து கலந்த வாய்க்கால் நீர் அதற்கு நஞ்சாகும். முன்பு தவளைக்கால் ஏற்றுமதிக்காக நம் நாட்டில் ஏராளமான தவளைகள் பிடிக்கப்பட்டன. 1987-ல் அரசு அதைத் தடை செய்தது. ஸ்பிரேயர் டின்னை வாய்க்காலில் கழுவாதிருப்பதே நாம் தவளைக்குச் செய்யும் பேருதவி.

கவனிக்க வேண்டியவை

பிள்ளைகளை அதிகாலையில், பெரியவர் துணையுடன் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்தடித்த வயலில் இறக்கக் கூடாது. வளைக்குள் கை விடக் கூடாது, பாம்பு இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் உள்ள பிள்ளையைச் சேற்றில் இறக்காமல், திரும்பியதும் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவச் செய்ய வேண்டும். எந்தப் பிராணியையும் பிடிக்காமல், கண்டதை நோட்டில் எழுதினால் போதும்.

மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செருமாவிலங்கை பண்டித ஜவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியையோ அணுகலாம்.

எந்தப் பிராணியை விரட்ட வேண்டுமோ அதன் வீட்டைக் குறைக்க வேண்டும். எது வேண்டுமோ அதற்கு வீடு தர வேண்டும். இதைப் பத்து வயதில் கற்கும் பிள்ளை நாளை நல்ல விவசாயியாக விளங்கும்.