சோதனையில் கூறியது கூறல்

புதுவை நகரின் வடபால், கடலையொட்டி, வைத்திக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்காக வந்து கூடும் கடற்கரை இதுவே. மற்றை நாள்களில் இங்கு நாம் காண்பன படகுகளும் வலைகளும் அவற்றைச் செப்பனிடும் கைகளுமே. கடலில் இறங்குமுன் இவ்வூரார் காற்றை நோக்குவர். கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று வருவது கோடை, வடக்கினின்று வருவது வாடை, தெற்கினின்று வருவது தென்றல் எனத் திசை நோக்கிக் காற்றுக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். இக்காலத்து வானிலை அறிஞரோ வேகம் நோக்கியும் பெயரிடுகின்றனர்.

கடலில் தோன்றிச் சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 17 கடல் மைலுக்குக் குறைந்திருப்பின் அது தாழ்வுப் பகுதி எனப்படும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். வேகம் 17 முதல் 27 வரை இருப்பின் தாழ்வு மண்டலம். 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34 முதல் 47 வரை புயல். 48 முதல் 63 வரை தீவிரப் புயல். 64 முதல் 89 வரை மிகத் தீவிரப் புயல். 90 முதல் 119 வரை அதிதீவிரப் புயல். 120 ஐ எட்டினால் சூப்பர் புயல். இவை இந்திய வானிலை ஆய்வுத் துறையார் வகுத்தவை. படகைக் கரையில் நிறுத்தினால் போதுமா, மேட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டுமா, வீட்டைவிட்டே வெளியேற வேண்டுமா என்று ஒரு குடும்பம் முடிவு செய்யும்பொழுது, அது செவிமடுப்பது இப்பெயர்களைத்தான்.

இச்செய்திகள் இன்று கைப்பேசிகளின் வாயிலாகவும் மீனவரை அடைகின்றன. வேகத்தைப் பெற்றுக்கொண்டு பெயரைக் கூறும் சிறு நிரல் ஒன்று அத்தகைய கைப்பேசிச் செயலியில் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். நிரல் என்பது, கணிப்பொறி செய்யவேண்டியவற்றை வரிவரியாக எழுதிவைத்த ஏவல்களின் தொகுதி. மக்கள் கையில் கொடுக்குமுன் அதனைச் சோதித்தல் வேண்டும். அச்சோதனையைச் செய்வதும் மற்றொரு நிரலே. அதனைச் சோதனை நிரல் என்பர்.

ஒரு சோதனை எவ்வாறு அமையும்? முதலில் செயலியைத் தொடங்க வேண்டும். பின்னர் நாள், இடம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்ட வானிலைச் செய்தி ஒன்றை ஆக்க வேண்டும். அதனைச் செயலிக்குக் கொடுத்து, வரும் விடையைப் பெற்று, நாம் எதிர்பார்த்த பெயரோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருப்பின் சோதனை தேறியது, மாறுபடின் தேறவில்லை. இதற்கு ஆறு வரிகள் வேண்டும் என்று கொள்வோம். பிழை பெரும்பாலும் பதுங்கியிருப்பது எல்லைகளிலாதலின், எல்லையின் இருபுறத்தையும் சோதித்தல் முறை. 33 ஐக் கொடுத்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றும், 34 ஐக் கொடுத்தால் புயல் என்றும் விடை வருகின்றதா என்று காண வேண்டும்.

2011 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மிகத் தீவிரப் புயல் என்னும் வகுப்பைச் சார்ந்தது. அக்காலத்தில் அவ்வகுப்பு 64 முதல் 119 வரை விரிந்திருந்தது. ஆகவே வகுப்புகள் ஏழு, எல்லைகள் ஆறு, வேண்டிய சோதனைகள் பன்னிரண்டு. பன்னிரண்டையும் எழுதப் புகுந்த ஒருவர் என் செய்வார்? முதற் சோதனையைக் கருத்துடன் எழுதுவார். அடுத்ததற்கு அதனையே படி எடுத்து, வேகத்தையும் பெயரையும் மட்டும் மாற்றுவார். இவ்வாறே பன்னிரண்டும் முடியும். எழுபத்திரண்டு வரிகளுள் மாறுபட்டவை சிலவே. ஏனையவெல்லாம் ஒன்றன் நிழல்கள். கணிப்பொறியில் படி எடுக்க எழுத்தாணி வேண்டுவதில்லை. இரண்டு விசைகளைத் தட்டினால் போதும். தொல்லை தொடங்குவதும் அந்த எளிமையினால்தான்.

2015 ஆம் ஆண்டில் வானிலைத் துறையார் மிகத் தீவிரப் புயல் என்னும் வகுப்பை இரண்டாகப் பகுத்து, 90 முதல் 119 வரையிலான பகுதிக்கு அதிதீவிரப் புயல் எனப் பெயர் தந்தனர். அதற்கேற்ப நம் நிரலும் மாறவேண்டும், சோதனைகளும் மாறவேண்டும். 119 க்குரிய விடை இப்பொழுது வேறு. 89, 90 ஆகியவற்றுக்குப் புதுச் சோதனைகள் வேண்டும். எழுதுபவர் 64 க்குரிய சோதனையைப் படி எடுத்து, அதன் தலைப்பில் 90 எனத் திருத்துகின்றார். அந்த வேளையில் யாரோ அழைக்கின்றனர். உள்ளேயிருக்கும் 64 என்னும் எண்ணும், மிகத் தீவிரப் புயல் என்னும் பெயரும் திருத்தப்படாமலே நின்றுவிடுகின்றன. சோதனையை ஓட்டிப் பார்க்கின்றார், தேறுகின்றது. 64 ஐக் கொடுத்து 64 க்குரிய விடையைப் பெற்றால் தேறாதிருக்குமா? ஆனால் 90 என்னும் எல்லையை எவரும் காக்கவில்லை. நிரலில் ‘90 முதல்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘90 க்கு மேல்’ என்று பிழைபட எழுதியிருப்பினும் அது வெளிப்படாது. தேறாத சோதனை ஓர் எச்சரிக்கையாவது தரும். தேறியது போல் தோன்றும் இவ்வெற்றுச் சோதனையோ கதவு திறந்திருக்க வாயிற்காவலன் உறங்குவதற்கு ஒப்பாகும்.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர்க்கு இது புதிதன்று. 1955 ஆம் ஆண்டு புதுவையில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் மிகுதியாகத் தொகுக்கப்பெற்றுள்ளன. புதுவையின் சைவச் சுவடித் தொகுதிகளை 2005 இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஓர் ஏட்டில் எழுத்து ஒன்று பிறழ்ந்தால் அதன்வழிப் படிகள் யாவும் அப்பிறழ்ச்சியைச் சுமக்கும். பதிப்பாசிரியர் அப்பிழையையே சான்றாகக் கொண்டு, இரண்டு ஏடுகள் ஒரு தாயேட்டினின்று பிறந்தவை என்று துணிவர். சோதனை நிரல்களிலும் இம்முறை பயன்படும். ஒரே எழுத்துப்பிழை பத்துச் சோதனைகளின் குறிப்புகளில் காணப்படின் அவை பத்தும் படிகளே என்று ஐயமின்றிக் கூறலாம்.

ஆயினும், ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் ஒப்பிடுதல் இயலாது. இதற்கெனத் துணைக் கருவிகள் உள்ளன. வரிக்கு வரி ஒத்திருப்பனவற்றைக் காட்டுதல் எளிது. பெயர்களை மட்டும் மாற்றி எழுதிய படிகளைக் கண்டுபிடித்தலே அரிது. 1990 களில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த பிரெண்டா பேக்கர் என்னும் அம்மையார் இதற்கு வழி கண்டார். ஒரு பகுதியில் ஒரு பெயர் நின்ற இடங்களிலெல்லாம் மற்றொரு பகுதியில் வேறொரு பெயர் முறை பிறழாது நிற்குமாயின், அவ்விரண்டும் ஒன்றே என்று அவர் ஆக்கிய கருவி காட்டிவிடும். வெண்பா ஒன்றின் சொற்களை மாற்றினும் அதன் தளை மாறாதிருத்தலைக் கண்டறிவது போன்றது இது.

இதனினும் நுட்பமான வழி ஒன்றுண்டு. 1978 ஆம் ஆண்டில் டிமில்லோ, லிப்டன், சேவர்டு என்னும் மூவர் அதனை விளக்கிக் கட்டுரை எழுதினர். சோதிக்கப்படும் நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு பிழையைப் புகுத்துக. 90 ஐ 91 ஆக்குக. பின்னர்ச் சோதனைகளை ஓட்டுக. ஒன்றும் தடுக்கவில்லையெனின் அவ்விடம் காவலற்றது. மேலே கண்ட வெற்றுச் சோதனை இங்கு அகப்படும். ஒரு பிழைக்கு இருபது சோதனைகள் ஒருங்கே கூச்சலிடுமாயின், அவை ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றனவோ என்று ஆராய்தல் வேண்டும்.

மிகுதியைக் களைவது எங்ஙனம்? பவணந்தி முனிவர் நன்னூலில் நூற்குற்றம் பத்து என்றார். கூறியது கூறல் அவற்றுள் ஒன்று. அவரே உத்தி முப்பத்திரண்டு எனக் கூறி, அவற்றுள் மாட்டெறிந்தொழுகல் என்பதனையும் வைத்தார். முன்னர்க் கூறிய விதியைப் பின்னர் மீண்டும் விரிக்காது, அதனோடு பொருத்திச் சுட்டிச் செல்லுதலே மாட்டெறிதல். நிரலாளர் செய்வதும் இதுவே. செயலியைத் தொடங்குதல், செய்தியை ஆக்குதல் ஆகிய பொதுவான ஏவல்களை ஓரிடத்தில் எழுதிப் பெயரிட்டுவிட்டுப் பிறவிடங்களில் அப்பெயரை மட்டும் சுட்டுவர். 1997 ஆம் ஆண்டில் கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் வானூர்திப் பயணத்தின்போது எழுதத் தொடங்கிய ஜேயூனிட் என்னும் சோதனைக் கருவியிலேயே இதற்கு இடம் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் அப்பொது ஏவல்களை அது தானே நிறைவேற்றும். எஞ்சியவற்றை அட்டவணையாக்கலாம். இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் பெயர். சோதனை ஒன்றே, அஃது அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் எடுத்து ஒப்பிடும். 2015 இன் மாற்றத்துக்கு இவ்வட்டவணையில் இரண்டு வரிகளைச் சேர்த்து ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது.

ஆனால், மாணவர்காள்! நன்னூலார் அக்குற்றங்களை அடுக்குங்கால் முதற்கண் வைத்தது குன்றக் கூறலை. கூறியது கூறல் மூன்றாவதே. மிகுதியைக் களையப் புகுந்தோர் சிலர் அளவு கடந்து சுருக்கிவிடுகின்றனர். ஒரு சோதனையின் பொருளை அறியப் பத்து இடங்களைப் புரட்டவேண்டியிருப்பின், அச்சுருக்கத்தால் யாருக்கு என்ன பயன்? தேறாத சோதனையை நடுநிசியில் படிப்பவர், எது கொடுக்கப்பட்டது, எது எதிர்பார்க்கப்பட்டது என்பவற்றை அவ்விடத்திலேயே காணுதல் வேண்டும். அதன்பொருட்டுச் சில வரிகள் மீண்டும் வரினும் குற்றமில்லை என்பதே என் கருத்து. அச்சத்திலும் விரைவிலும் சொல் அடுக்கி வருதலை இலக்கணமும் ஏற்றுக்கொள்கின்றது. புயல் வருமுன் ஒலிபெருக்கியில் ஒருமுறை மட்டும் அறிவிப்பார் உளரோ?

மற்றொன்றையும் ஒருபோதும் சுருக்கலாகாது. எதிர்பார்க்கும் பெயர்களைக் கையால் எழுதுவானேன், நிரலில் உள்ள விதியைக் கொண்டே கணித்துக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். அவ்வாறு செய்தால் நிரல் பிழைபடும்பொழுது எதிர்பார்ப்பும் உடன் பிழைபடும், இரண்டும் ஒத்தேயிருக்கும். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்தவன் கதையாக அது முடியும். ஆதலால் வலப்பக்கத்துப் பெயர்களை வானிலைத் துறையார் வெளியிட்ட வகைப்பாட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் எழுதுதலே முறை. எட்டு வகுப்புகளுக்கு எல்லைகள் ஏழு; அட்டவணையில் வரிகள் பதினான்கு. நிரலெழுதக் கல்லாதவரும், வைத்திக்குப்பத்தில் வலை பின்னும் முதியவரும்கூட, அப்பதினான்கு வரிகளை விரல் வைத்துப் படித்து, ஒன்று தவறாயின் இன்னது தவறு என்று சுட்டிக்காட்டிவிடுவர்.