சேமிப்புத் தொகுப்பில் டிஸ்க் சேர்க்கும் முன்

நிறுவன சர்வரில் இடம் நிரம்பும்போது புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, இயங்கிக்கொண்டிருக்கும் சேமிப்புத் தொகுப்போடு, அதாவது பல டிஸ்க்குகளை ஒரே இடமாகக் காட்டும் ‘பூல்’ என்ற அமைப்போடு, சேர்த்துவிடுவது சில்லறை வேலையாகவே பல அலுவலகங்களில் கருதப்படுகிறது. 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டு, இன்று ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற பெயரில் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இயங்கும் கோப்பு முறைமையில், இதே வேலை முழுத் தரவையும் பறிகொடுக்க வழிசெய்யும் பிழையாகத் திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

பூலுக்குள் ‘விடெவ்’ எனப்படும் டிஸ்க் குழுக்கள் உள்ளன. பழுதைத் தாங்கும் ஏற்பாடு ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மட்டுமே உண்டு. பூல் முழுமைக்கும் இல்லை. ஆறு டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு-இசட்2 குழு இரண்டு டிஸ்க்குகளின் இழப்பைத் தாங்கும். ஆனால் அதன் அருகே ஒற்றை டிஸ்க் தனிக் குழுவாகச் சேர்க்கப்பட்டால், புதிய தரவு இரு குழுக்களிலும் பரவி எழுதப்படுவதால், அந்த ஒற்றை டிஸ்க் பழுதாகும் நாளில் பூல் முழுவதும் போய்விடும்.

பூலில் டிஸ்க் சேர்க்கும் ‘இசட்பூல் ஆட்’ கட்டளை இதை அறிந்தே, பாதுகாப்பு நிலை பொருந்தவில்லை என்று எச்சரித்து மறுக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல், ‘எஃப்’ என்ற கட்டாயக் குறியைச் சேர்த்து அதே கட்டளையை மீண்டும் தருவது மன்னிக்கத்தக்க அவசரம் அன்று. இன்றே இடம் வேண்டும் என்று நெருக்கும் மேலதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. ரெய்டு-இசட் குழு உள்ள பூலிலிருந்து, இவ்வாறு சேர்த்த டிஸ்க்கை, நீக்கும் கட்டளையால் வெளியே எடுக்க முடியாது.

ஆகவே முதலில் பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளையேனும் மீட்டுப் பார்க்க வேண்டும். மறுதொடக்கத்தில் மாறக்கூடிய ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ போன்ற பெயர்களை விட்டு, வரிசை எண் அடங்கிய நிலையான பெயரால் டிஸ்க்கைக் குறிப்பிட வேண்டும். ‘ஆட்’ கட்டளையை ‘என்’ குறியோடு தந்தால், எதையும் மாற்றாமல் வரப்போகும் அமைப்பை அது காட்டும். அதில் புதிய டிஸ்க் ரெய்டு-இசட் குழுவுக்கு வெளியே தனியாக நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். உண்மையாகச் சேர்ப்பதற்கு முன், பூலின் அப்போதைய நிலையைக் குறித்துவைக்கும் ‘இசட்பூல் செக்பாயிண்ட்’ இட்டால் திரும்பிவர வழி இருக்கும்.

இருக்கும் குழுவையே ஒரு டிஸ்க்கால் பெரிதாக்க வேண்டுமெனில், 2025 ஜனவரியில் வெளியான 2.3 பதிப்பு முதல் அதற்கு வழியுண்டு. அதற்குரிய கட்டளை ‘ஆட்’ அன்று, குழுவின் பெயரைக் குறிப்பிட்டுத் தரும் ‘அட்டாச்’. பழைய தரவு மீண்டும் எழுதப்படும் வரை பழைய விகிதத்திலேயே இருப்பதால், எதிர்பார்த்த இடம் முழுதும் உடனே கிடைக்காது. செக்பாயிண்ட் இருக்கும்போது ‘அட்டாச்’ இயங்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிழை நேர்ந்துவிட்டால், செக்பாயிண்ட் இருக்கும் பூலை எக்ஸ்போர்ட் செய்து, செக்பாயிண்டுக்குத் திரும்பும் குறியோடு இம்போர்ட் செய்யலாம். செக்பாயிண்ட் இட்டபின் எழுதிய தரவும் செய்த மாற்றங்களும் போகும். செக்பாயிண்ட் இல்லையெனில், தனித்து நிற்கும் டிஸ்க்குக்கு அதே அளவோ கூடுதலோ உள்ள இன்னொன்றை அன்றே ‘அட்டாச்’ செய்து, ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் மிரராக்க வேண்டும். பிறகு பேக்கப்பிலிருந்து பூலைப் புதிதாகக் கட்டுவதற்கு நாள் குறிக்க வேண்டும். மாற்றத்துக்கான அனுமதிப் படிவத்தில் ‘என்’ குறியின் வெளியீட்டையும் டிஸ்க்கின் வரிசை எண்ணையும் ஒட்டாத கோரிக்கைக்கு எந்த அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது. ‘எஃப்’ குறி உள்ள கோரிக்கைக்கு, அதற்கான காரணம் எழுத்தில் இல்லாமல் அறவே கூடாது.