பம்பர் பள்ளம் வெந்நீரில் நிமிர்வது ஏன்?

முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றதில் பம்பர் உள்வாங்கிவிட்டதா? கொதிநீரை ஊற்றி, கையுறையோடு உள்பக்கமிருந்து தள்ளுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

எப்படி? இன்றைய பம்பர் உறை அநேகமாக ரப்பர் கலந்த பாலிப்ரொப்பிலீன். இடிபட்டு வளைந்தாலும், பழைய வடிவத்துக்குத் திரும்பும் விசை அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் கொஞ்சம் தங்கியிருக்கும். சூடு பிளாஸ்டிக்கை இளக்கி அதற்கு வழிவிடுகிறது. உருகுவதற்குச் சுமார் 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொதிநீர் 100ஐத் தாண்டாது. ஹீட் கன்னைவிட வெந்நீர் மேல் என்பேன். நிமிர்ந்ததும் குளிர்ந்த நீர் ஊற்றினால் இறுகிவிடும்.

எஃகு பானெட்டில் இது பலிக்காது. அங்கே உலோகத்தின் அணு அடுக்குகளே நழுவி இடம் மாறிவிட்டன, டிங்கரிங்காரர்தான் கதி. ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ, ரேடியேட்டர் ஒழுகினாலோ வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.