சலங்கை கட்டும் முன் கேட்க வேண்டியவை

2024 டிசம்பர் 29 அன்று கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 11,600 பேர் ஒரே நிறச் சேலை கட்டிப் பரதநாட்டியம் ஆட நின்றார்கள். சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள், கல்யாணமான பெண்களும் இருந்தார்கள். கின்னஸ் சாதனைதான் குறி. ஆட்டம் தொடங்கும் முன்பே பார்வையாளர் மாடத்தின் மேல் போட்டிருந்த தற்காலிக மேடையிலிருந்து திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் சுமார் 15 அடி கீழே விழுந்தார். தலையிலும் நுரையீரலிலும் காயம். ஆறு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். மேடை ஓரத்தில் உறுதியான தடுப்பு இல்லை. ரிப்பன் கட்டிய கம்பங்கள்தான் இருந்தன. ஒரு எம்.எல்.ஏ. அமர்ந்த மேடைக்கே கைப்பிடிக் கம்பி போடாதவர்களை நம்பித்தான் ஆயிரக்கணக்கான பெற்றோர் அன்று பிள்ளைகளை விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பணக் கணக்கு வெளியே வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள் என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். சேலை தந்த ஜவுளி நிறுவனம், தாங்கள் 12,500 சேலைகளை ஒன்று 390 ரூபாய்க்குக் கொடுத்ததாகவும், ஆடியவர்களிடம் 1,600 ரூபாய் வாங்கப்பட்டதாகவும் அறிக்கை விட்டது. போலீஸ் வழக்குப் போட்டது, அமைப்பாளர்கள் கைதானார்கள். சாதனை மட்டும் பதிவாகிவிட்டது.

கேரளத்தில் நடந்ததை நம் திருவண்ணாமலையில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு ஊரும் பேரும் தேவை. சிதம்பரத்தையும் தஞ்சாவூரையும் போல, சொன்னவுடன் பக்தி சுரக்கிற ஊர் இது. 14 கி.மீ. கிரிவலப் பாதை, பௌர்ணமிக் கூட்டம், கார்த்திகை தீபம் எல்லாம் இருக்கின்றன. 'அண்ணாமலையார் சன்னதியில் ஆடுகிறாள்' என்று சொன்னால் எந்த அம்மாவும் ரசீது கேட்க மாட்டாள். சாமி காரியத்தில் கணக்குப் பார்ப்பதா என்ற கூச்சம் நம்மிடம் இருக்கிறது. கணக்குப் பார்க்க விடாதவர்களுக்கு அந்தக் கூச்சமே முதல்.

கூட்டமாக ஆடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2010 செப்டம்பரில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு பத்மா சுப்ரமணியம் தலைமையில் 1,000 பேர் ஆடினார்கள். அதில் ஆடியவர்கள் இன்றைக்கும் பெருமையோடு அதைச் சொல்கிறார்கள். சாதனைக் கூட்டம் வேறு மாதிரி. அங்கே எண்ணப்படுவது தலை. உங்கள் பெண்ணின் நாட்டடவில் குதிகால் சரியாக ஊன்றியதா, தாளம் தப்பியதா என்று யாரும் பார்ப்பதில்லை. அவள் வரிசையில் நின்றாளா என்பது மட்டுமே கணக்கு. இப்படி வருகிற சான்றிதழை வைத்துக்கொண்டு சென்னை கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியின் வாசலில் நின்றால், அங்கே ஆடிக் காட்டச் சொல்வார்கள். அடவு சொல்வதைத்தான் கேட்பார்கள், சட்டம் போட்ட காகிதம் சொல்வதை அல்ல.

அவசரம் இன்னொரு வடிவத்திலும் வருகிறது. சேர்ந்த இரண்டாம் வருஷமே சலங்கை பூஜை, நான்காம் வருஷம் அரங்கேற்றம், மண்டபம், பக்கவாத்தியம், மேக்கப், வீடியோ, சாப்பாடு என்று செலவு லட்சங்களைத் தொடுகிறது. சீக்கிரம் ஏறினால்தான் மேலே போகலாம் என்கிறார்கள். பாலசரஸ்வதி 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியதை உதாரணம் காட்டுவார்கள். அவர் வீணை தனம்மாளின் பேத்தி. பாட்டுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர். கந்தப்பப் பிள்ளையிடம் தினமும் அடி வாங்கிய கால்கள் அவருடையவை. அதே பரதநாட்டியத்தின் இன்னொரு பெரிய பெயர் ருக்மிணி தேவி. 1904-ல் பிறந்த அவர் முதலில் கற்றது பாலே. ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் படித்தார். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் கற்று, 1935-ல் மேடையேறும்போது அவருக்கு வயது 31. அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா அடுத்த வருஷம் பிறந்தது. எட்டு வயதுப் பெண்ணுக்கு இன்னும் மேடை வரவில்லையே என்று தவிக்கிற பெற்றோர் இந்த 31 என்ற எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதைத்தான் குறைவாகப் பேசுகிறோம். பாலேயில் நுனிக்காலில் நிற்கிற அந்தக் கெட்டி முனைச் செருப்பைப் பொறுப்பான பள்ளிகள் சுமார் 12 வயது வரை கொடுப்பதில்லை. அதுவும் சில வருஷப் பயிற்சி, கணுக்கால் வலு, எலும்பு வளர்ச்சி எல்லாம் பார்த்த பிறகுதான். தளத்துக்கு அடியில் அதிர்வை வாங்குகிற மரச்சட்டம் போட்டு, மேலே வழுக்காத விரிப்பு விரிக்கிறார்கள். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு சிமென்ட்டிலும் டைல்ஸிலும் மார்பிளிலும் தட்டடவு போடுகிறார்கள். மொட்டை மாடி வகுப்புகளும் உண்டு. அடியில் கான்கிரீட் இருந்தால் தட்டிய வேகம் அப்படியே குதிகாலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் திரும்புகிறது. தடித்த மரப்பலகையோ அடர்ந்த ரப்பர் விரிப்போ போட்ட ஒரு வகுப்பு, சுவரில் பத்து விருது மாட்டிய வகுப்பைவிட உங்கள் பிள்ளைக்கு நல்லது.

முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் ஒன்றை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை எதிரில் நிற்க வைத்து உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே, இரண்டாம் விரலுக்கு நேரே போகிறதா என்று கவனியுங்கள். பாதம் பக்கவாட்டில் விரிந்திருக்க முழங்கால் மட்டும் உள்ளே சாய்ந்தால், திருப்பம் இடுப்பிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். முழங்காலையும் உள்ளங்கால் வளைவையும் முறுக்கி அவள் அந்த வடிவத்தைக் காட்டுகிறாள். தொடையைப் பிடித்து அழுத்தியோ முதுகில் ஏறி உட்கார்ந்தோ அதை இறக்கக் கூடாது. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, கணைக்கால் எலும்பின் முன்பக்கம், தொட்டால் வலிக்கிற ஒரு புடைப்பு வரலாம். மருத்துவர்கள் அதை ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். தொடைத் தசை இன்னும் முழுதாக இறுகாத எலும்பு முனையைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியோடு ஆடினால்தான் வித்தை வரும் என்று தைலம் தேய்த்து அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பிள்ளைகளின் உடம்பை அவசரப்படுத்தாமல் இருக்க நம் ஊரில் கூடுதல் காரணமும் இருக்கிறது. நாட்டிய நிலைகளான 108 கரணங்களைச் செதுக்கிய கோபுரங்கள் தமிழ்நாட்டில் சில மட்டுமே. சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில், விருத்தாசலம் இவற்றோடு திருவண்ணாமலைக் கிழக்குக் கோபுரமும் ஒன்று. தஞ்சையில் 81 மட்டுமே முடிந்திருக்கின்றன. கோபுர வாசலுக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பார்த்தால் மடித்த முழங்காலும் தூக்கிய காலுமாக அந்த உருவங்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், நம் சொத்து அது. ஆனால் அவை வளர்ந்த, பல வருஷம் பழகிய உடம்பின் எல்லைகள். ஏழு வயதில் எட்ட வேண்டிய இலக்காக அவற்றைக் காட்டக் கூடாது. கிரிவலப் பாதை முழுக்க ஆடிக்கொண்டே சுற்றிச் சாதனை என்று யாராவது அழைத்தாலும் இதையே யோசியுங்கள். சித்திரை வெயிலில் தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி வரை சுடும்.

இனிச் சொல்வது எழுதக் கஷ்டமானது. 2023 மார்ச் 30 அன்று கலாக்ஷேத்ரா மாணவிகள் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஆசிரியர் உள்ளிட்ட நான்கு பேர் மீது பாலியல் தொல்லைப் புகார். அதற்குச் சில நாள் முன்புதான் நிர்வாகம் அந்தப் பேச்சுகளுக்கு ஆதாரமில்லை என்று சொல்லியிருந்தது. ஏப்ரல் 3-ல் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. மறு வருஷம் ஏப்ரலில், பழைய மாணவி ஒருவரின் புகாரில் முன்னாள் ஆசிரியர் ஒருவரும் கைதானார். நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. வெளியே பேச அவர்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். வளர்ந்த பெண்களுக்கே அப்படி என்றால், நம் ஊர்ச் செங்கம் சாலையில் ஒரு வீட்டு மாடியில் கற்கிற ஒன்பது வயதுக் குழந்தை யாரிடம் சொல்லும்?

வியன்னாவிலும் இதே மௌனம்தான். அரசு ஓப்பராவின் பாலே பள்ளியில் குழந்தைகளை அடித்ததும் உடம்பைப் பார்த்து அவமானப்படுத்தியதும் 2019 ஏப்ரலில் பத்திரிகையில் வந்தது. அந்த வருஷக் கடைசியில் சிறப்புக் குழு கொடுத்த அறிக்கை, பள்ளி பிள்ளைகளைப் பாதுகாக்கத் தவறியது என்றது. மெலிந்திருக்கப் புகைபிடிக்கச் சொன்ன செய்தியும் அதில் இருந்தது. பெரிய பெயர், பழைய மரபு, வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், கேள்வி கேட்காத பெற்றோர். ஊர் மாறினாலும் இந்த நான்கும் மாறுவதில்லை.

குருபக்தி நம் கலையின் உயிர். தட்டுக்கழியின் ஓசைக்கு முன் தலைகுனிந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கும் மனம் நிறைகிறது. அந்தப் பணிவு பிள்ளைக்கு உரியது. பெற்றோருக்கு உரிய வேலை வேறு. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்குமா, அம்மாவோ பாட்டியோ உட்காரலாமா, தனியாக ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவைத்துச் சொல்லித்தருவது உண்டா, வெளியூர் நிகழ்ச்சிக்குப் போனால் ராத்திரி யாரோடு தங்குவார்கள், உடை மாற்ற எங்கே இடம், வாங்கிய பணத்துக்கு ரசீது உண்டா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்க வேண்டும். நல்ல ஆசிரியருக்கு இதில் கோபம் வராது. 'என்னை நம்பவில்லையா' என்று திருப்பிக் கேட்கிற இடத்தில் பணம் கட்டாமல் திரும்பி வருவதுதான் சரி.

திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தேவாரம், நாதஸ்வரம், தவில் இவற்றோடு பரதநாட்டியமும் மூன்று வருஷப் படிப்பு. கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் பண்பாட்டுத் துறை 1982 முதல் கலைத்திறன் உதவித்தொகை தருகிறது. அதை வாங்க ஆடித்தான் காட்ட வேண்டும். சாதனைக் கூட்டத்துக்குக் கட்டப்போகும் பணத்தில் இசைப்பள்ளியின் மூன்று வருஷத்தையும் படித்துவிடலாம்.

பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக மாட்டேன் என்றால் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 18 வயதுக்குக் கீழ் உள்ள எந்தப் பிள்ளைக்கும் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசிடம் சொல்ல வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், நிறுவனத்தை நடத்துகிறவருக்கு ஒரு வருஷம் வரை. ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை வேறு வகுப்பில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் பெற்றோரும் அந்தப் பிரிவுக்குள் வருவார்கள்.