சவுக்குக் கிளையும் சீரியல் செட்டும்

கிறிஸ்துமஸ் மரம்னு கூகுள்ல தேடிப் பாருங்க. பனி மூடின ஃபிர் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும்தான் வரிசையா வரும். தூத்துக்குடி பக்கம் வளர்ந்த என்னை மாதிரி ஆளுங்ககிட்ட கேட்டா ஒரே பதில்தான் வரும்: சவுக்கு. டிசம்பர் இருபது தாண்டிட்டா போதும், சைக்கிள் கேரியர்ல சவுக்குக் கிளையைக் கட்டிக்கிட்டு ஆளுங்க வீட்டுக்குப் போக ஆரம்பிச்சிடுவாங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான். மரம் அலங்கரிக்கிறது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள்ல எவ்வளவு எஞ்சினியரிங் இருந்துச்சுன்னு ட்ரிபிள்-ஈ படிக்க வந்த பிறகுதான் எனக்கே புரிஞ்சுது. அதைத்தான் இங்க உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல மரம்

சவுக்கு பார்க்க பைன் மாதிரி இருக்கும், ஆனா பைன் குடும்பமே கிடையாது. அது பூக்கிற தாவரம். ஊசி ஊசியா தொங்குறதை நாம இலைன்னு நினைக்கிறோம். உண்மையில அது மெல்லிய பச்சைக் குச்சி. நிஜமான இலைகள் ஒவ்வொரு கணுவிலயும் பல்லு பல்லா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதா இருக்கும். சின்ன வயசுல ஒரு விளையாட்டு உண்டு, ஞாபகம் இருக்கா? ஒரு கணுவைக் கழட்டி, திரும்பவும் அதே இடத்துல சொருகிட்டு, "எங்க உடைச்சேன், கண்டுபிடி பாக்கலாம்"னு கேட்போம். அந்தப் பல்லுதான் இலை.

கிளையை நிறுத்த ஒரு பெயின்ட் வாளி, அடியில ரெண்டு செங்கல், மேல ஈர மணல். காய்ஞ்ச மணல்ல நட்டா கிளை சாயும். ஈரமா இருந்தா மணல் துகள்களுக்கு நடுவுல இருக்கிற தண்ணியோட பரப்பு இழுவிசை அதுகளை இழுத்துப் பிடிச்சுக்கும். செங்கல் எடையை எல்லாம் கீழ வச்சிடும், ஈர்ப்பு மையம் தாழ்வா இருக்கும். அம்மா தினமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவாங்க. மணலும் இறுகி இருக்கும், கிளையும் சீக்கிரம் காயாது.

அப்புறம் அலங்காரம். ஜிகினா, போன வருஷத்து வாழ்த்து அட்டைகள், கலர் பேப்பர் சுத்தின காலி தீப்பெட்டிகள். பனியையே பார்க்காத ஊர்ல, பனிக்குப் பதிலா மெடிக்கல்ல வாங்கின பஞ்சு.

அப்பாவோட டிபார்ட்மென்ட்: லைட்டு

மரத்துக்கு மின்விளக்கு போடுற பழக்கம் 1882-ல நியூயார்க்ல ஆரம்பிச்சுது. எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்துல 80 கலர் பல்புகளை மாட்டினார். அதுக்கு முன்னாடி மரத்துல எரிஞ்சது மெழுகுவர்த்தி, கூடவே தீ பயமும்.

நம்ம ஊரு சீரியல் செட்டோட பேரே அதோட சர்க்யூட்டைச் சொல்லிடுது. எல்லா பல்பும் சீரிஸ்ல இருக்கு. நாற்பது பல்பு இருந்தா 230 வோல்ட் நாற்பதா பிரியும். ஒவ்வொன்னுக்கும் 5.75 வோல்ட். அதனாலதான் 6 வோல்ட் குட்டி பல்பை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா பிளக்ல சொருக முடியுது.

ஒரு பல்பு ஃபியூஸ் ஆனா மொத்த செட்டும் அணைஞ்சிடும். அப்பா ஒரு நல்ல பல்பைக் கையில வச்சுக்கிட்டு முதல் இடத்துலேர்ந்து ஒவ்வொன்னா மாத்தி மாத்திப் பார்ப்பார். அதிர்ஷ்டம் இல்லேன்னா நாற்பதாவதுலதான் எரியும். ரெண்டு பல்பு போயிருந்தா நாற்பதையும் மாத்திப் பார்த்தாலும் எரியாது.

இதுக்குத்தான் நாம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல படிச்ச பைனரி சர்ச். பிளக்கைக் கழட்டிடுங்க. நடு பல்பை எடுத்துட்டு, பிளக்கோட ஒரு பின்னுக்கும் அந்த சாக்கெட்டோட ஒரு முனைக்கும் நடுவுல மல்டிமீட்டர் வையுங்க. ரீடிங் வந்தா அந்தப் பாதி நல்லா இருக்கு, வரலேன்னா தப்பு அங்கதான். பாதி, அதுல பாதின்னு போனா ஆறு தடவைக்குள்ள கண்டுபிடிச்சிடலாம். ஒரு விஷயம்: இருபது ஃபிலமென்ட் சேர்ந்தா ரெசிஸ்டன்ஸ் நூறு ஓமுக்கு மேல போகலாம், பீப் சத்தம் வராம போகலாம். அதனால பீப்பை நம்பாதீங்க, ஓம் ரீடிங்கைப் பாருங்க.

ஒயரை முறுக்கி விடுறது

பல்பு ஸ்டாக் இல்லாதப்போ நிறைய வீட்டுல செய்யறது இது: செத்த பல்பை வெட்டிட்டு ரெண்டு முனையையும் முறுக்கி டேப் ஒட்டிடுவாங்க. செட்டு உடனே எரியும். முன்னைவிட பளிச்னும் எரியும். பிரச்சனையே அந்தப் பளிச்தான். அஞ்சு பல்பை இப்படி வெட்டினா மீதி 35 பல்புக்கும் ஆளுக்கு 6.57 வோல்ட். ஃபிலமென்ட் பல்புக்கு வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்ட பாதி ஆகிடும். இங்க கூடியிருக்கிறது 14 சதவீதம். அதனால ஒன்னு போனா அடுத்தடுத்து போய்க்கிட்டே இருக்கும்.

2012 பவர் கட் காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் வந்ததும் எல்லாரும் சந்தோஷமா கத்துவோம், அதே செகண்ட்ல ஒரு பல்பு போயிடும். டங்ஸ்டன் சூடா இல்லாதப்போ அதோட ரெசிஸ்டன்ஸ் எரியறப்போ இருக்கிறதுல பத்துல ஒரு பங்குதான். அதனால ஸ்விட்ச் போட்ட கணத்துல கரண்ட் பல மடங்கு பாயும். ஏற்கனவே மெலிஞ்ச ஃபிலமென்ட் அதைத் தாங்காது.

இதை மட்டும் கண்டிப்பா படிங்க

செட்டு எரியலைன்னா அதுல கரண்ட் இல்லைன்னு நாம நினைச்சுடறோம். சீரிஸ் சர்க்யூட்ல ஒரு இடம் அறுந்தா என்ன ஆகும்? கரண்ட் பூஜ்யம். அப்போ மத்த 39 பல்புலயும் வோல்டேஜ் டிராப் பூஜ்யம். கிர்ச்சாஃப் விதிப்படி 230 வோல்ட் எங்கேயாவது இருந்தே ஆகணும். அது முழுசா அந்த அறுந்த இடத்துல நிக்குது. ஒவ்வொரு பல்பும் 6 வோல்ட்தானேன்னு நினைச்சு அந்த ரெண்டு முனையையும் நீங்க தொட்டா, அறுந்த இடத்தை உங்க உடம்பு நிரப்பும். ஃபிலமென்ட்களோட ரெசிஸ்டன்ஸ் நம்ம உடம்புக்கு முன்னாடி ஒன்னுமே இல்லை, அது உங்களைக் காப்பாத்தாது.

ஸ்விட்ச் ஆஃப் பண்றதும் போதாது. ஒயரிங் மாறி ஸ்விட்ச் நியூட்ரல்ல இருந்தா செட்டு முழுக்க ஃபேஸ் அப்படியே இருக்கும். எங்க அம்மா கிர்ச்சாஃப் படிச்சதில்லை. ஆனா "எரியாட்டியும் தொடாத, முதல்ல பிளக்கைப் பிடுங்கு"ன்னு எங்க யாரையும் விடாம சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வாண்டுகள் நாலஞ்சு பேர் ஈர மணல்ல கால் வச்சுக்கிட்டு, ஜிகினாவோட மரத்தைச் சுத்தி நிக்கிற இடம் அது. அவங்க சொன்னது எவ்வளவு சரின்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ எல்.இ.டி. செட்டுதானேன்னு கேப்பீங்க. பல்பு சூடாகாது, கரண்ட் ரொம்பக் கம்மி, உண்மைதான். ஆனா விலை குறைஞ்ச செட்டுகள்ல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. எல்.இ.டி.க்களும் சீரிஸ்லதான், நேரா மெயின்ஸ்லேர்ந்துதான். அதனால அம்மா சொன்ன ரூல் அதுக்கும் பொருந்தும்.

இந்த டிசம்பர்ல

டிபார்ட்மென்ட்லயோ ஹாஸ்டல்லயோ மரம் வைக்கப் போறீங்கன்னா, பரண்லேர்ந்து எடுத்த செட்டை முதல்ல தரையில விரிச்சு, முறுக்கின ஜாயின்ட்களை எண்ணுங்க. ரெண்டு மூணுக்கு மேல இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. சவுக்கு நல்ல விறகு. ரெண்டு வாரம் காய்ஞ்ச கிளைக்கு ஒரு லூஸ் ஜாயின்ட்டோட பொறி போதும். தூங்கப் போறப்போ பிளக்கைக் கழட்டிடுங்க.

அடுத்த வருஷம் இந்நேரம் வேலை எந்த ஊர்ல இருக்கும், கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. அதனால இந்த லீவுல வீட்டுக்குப் போறப்போ ஒரு மல்டிமீட்டர் வாங்கிட்டுப் போறேன். ஆறு தடவையில எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அப்பாவுக்குச் சொல்லித் தரணும். அவர் எப்படியும் முதல் பல்புலேர்ந்துதான் ஆரம்பிப்பார். ஆனா பிளக்கைக் கழட்டிட்டு ஆரம்பிப்பார், அது போதும்.