இழுதுமீனின் நரம்பு வலை

கடற்கரைக்குப் பல காதம் உள்ளே, விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே வெள்ளகோவிலில் வாழும் நமக்கு, மண்டபத்துக் கரையில் மீனவர்கள் ‘சொறி’ என்று வலையிலிருந்து உதறி எறியும் இழுதுமீன் ஓர் அற்ப ஜந்துவாகவே தோன்றக்கூடும். ஆயினும், மூளையும் இரத்தமும் எலும்பும் இன்றி, பெரும்பகுதி நீரேயான அப்பிராணி, குடை வடிவான தன் சரீரம் முழுவதையும் ஒருசேரச் சுருக்கி நீந்துகிறதே, அந்தச் சுருக்கத்துக்குரிய ஆணை எங்கே பிறந்து எவ்வழியே செல்கிறது என்று ஆராயப் புகுந்தவர்கள், நரம்பு என்பதன் ஆதி இயல்பையே கண்டார்கள்.

டார்வினின் இளம் நண்பரான ஜார்ஜ் ரோமானிஸ் 1870-களில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இப்பரிசோதனைகளைத் தொடங்கினார். நம் கடல்களிலும் காணப்படும் ஆரேலியா என்னும் இனத்தின் குடை விளிம்பில் நுண்ணிய உணர்வுறுப்புகள் எட்டு உண்டு. எட்டையும் அகற்றினால் நீச்சல் துடிப்பு பெரும்பாலும் ஓய்ந்துவிடும், ஒன்றை மட்டும் விட்டுவைத்தாலோ அந்த ஒன்றே குடை முழுவதையும் துடிக்கச் செய்யும். அதோடு அவர் அமையவில்லை. குடையைச் சுற்றிச் சுற்றி அறுத்து நீண்ட நாடாவாக்கி, அதன் ஒரு நுனியில் எழுந்த சுருக்கம் அலையாக ஊர்ந்து மறுநுனியை எட்டுவதைக் கண்டார். குறுக்கே பல வெட்டுகள் இட்டபோதும், அலை அவற்றைச் சுற்றிக்கொண்டு சென்றது. நம் விசைத்தறியில் ஊடை ஓரிடத்தில் அறுந்தால் தறியே நின்றுவிடும். இங்கோ எத்திசையிலும் பின்னிக் கிடக்கும் நரம்பிழைகளில் ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி திறந்தே இருக்கிறது.

அவ்வழிகளில் செல்வது மின்சாரமே, ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரமன்று. ஓய்ந்திருக்கும் நரம்பணுவின் உட்புறம் எதிர்மின் தன்மை உடையது. தூண்டுதல் நேர்ந்ததும் சோடியம் அயனிகள் உட்புகுந்து அந்நிலையைத் தலைகீழாக்க, அம்மாறுதலே அடுத்த இடத்தைத் தூண்டி முன்னேறுகிறது. நரம்பின் முனையை அது அடைந்ததும் அங்கே சுரக்கும் இரசாயனப் பொருள் தசையின் மின்னிலையை மாற்ற, தசை சுருங்குகிறது. அறுந்த இழையை முடிந்துவிடும் தறிக்காரரின் விரலிலும் நிகழ்வது சாராம்சத்தில் இதுவே.

மூளையற்றது என்று இப்பிராணியைத் தாழ்த்திப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. வடகடல்களின் குளிர்நீரில் வாழும் அக்லாந்தா என்னும் சிறிய இழுதுமீனில், ஒரே நரம்பிழை இருவகை மின்துடிப்புகளைத் தாங்கிச் செல்வதை மேக்கி, மீச் என்னும் இருவர் 1985-இல் வெளியிட்டனர். அமைதியாக நீந்துகையில் கால்சியத்தால் எழும் சிறிய, மந்தமான துடிப்பும், ஆபத்து தீண்டுகையில் சோடியத்தால் எழும் பெரிய, விரைவான துடிப்பும் அதே இழையில் ஓடுகின்றன. தசையும் முன்னதற்கு மெலிதாகவும், பின்னதற்கு வன்மையாகவும் சுருங்குகிறது.