தங்கக் காலணி வீரர் கைவிட்டுப் போனது எப்படி? ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரங்களும் கேரளா பிளாஸ்டர்ஸ் தரும் பாடமும்

கொச்சி: இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரின் 2023-24 பருவத்தில் 13 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருதை வென்றவர் கிரீஸ் நாட்டு வீரர் டிமிட்ரியோஸ் டயமன்டகோஸ். விருது பெற்ற சில வாரங்களிலேயே அவர் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிலிருந்து விலகி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். தொடரின் முதன்மையான கோல் வீரரை இழந்த கொச்சி அணிக்கு, அதற்கு ஈடாக இடமாற்றக் கட்டணம் எதுவும் கிடைக்கவில்லை. அவரது ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதே காரணம்.

அதே கோடையில், இதே விதியின் மறுபக்கம் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கைகொடுத்தது. எஃப்.சி. கோவா அணியுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட மொராக்கோ வீரர் நோவா சதாவி, 2026 வரையிலான ஒப்பந்தத்தில் கொச்சிக்கு வந்தார். அவருக்காகக் கோவா அணிக்கும் இடமாற்றக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை.

இவ்வாறு ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் கட்டுப்படாமல் இருக்கும் வீரரை 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று விளையாட்டு உலகம் அழைக்கிறது. ஒவ்வொரு பருவமும் முடியும்போது, அடுத்து வரும் நட்சத்திரம் யார் என்ற பேச்சு ரசிகர்களிடையே சூடுபிடிக்கும். பல மொழி பேசும் மக்கள் நெருங்கி வாழும் மட்டாஞ்சேரியின் சந்துகளிலும், அதை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் மாலைதோறும் கால்பந்து நடைபெறும் மைதானங்களிலும் இந்தப் பேச்சைத் தவிர்க்க இயலாது. கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மைதானத்திற்கு மஞ்சள் சட்டையணிந்து செல்லும் கூட்டத்தில் மேற்குக் கொச்சி ரசிகர்களுக்கும் பங்குண்டு.

அந்த எதிர்பார்ப்புக்கு அழுத்தமான காரணமும் உண்டு. 2014-ல் தொடங்கப்பட்ட கேரளா பிளாஸ்டர்ஸ், 2014, 2016, 2021-22 ஆகிய 3 பருவங்களில் இறுதிப் போட்டி வரை சென்று தோல்வியடைந்தது. அவற்றில் 2016, 2022 ஆகிய இரு இறுதிப் போட்டிகளும் பெனால்டி ஷூட்-அவுட்டில் கைநழுவின. 2016 இறுதிப் போட்டி சொந்த மண்ணான கொச்சியிலேயே நடைபெற்றது.

விதி சொல்வது என்ன?

கால்பந்தில் ஃப்ரீ ஏஜென்ட் முறையின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான்-மார்க் போஸ்மன் என்ற கால்பந்து வீரரின் ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது. அவர் பிரான்ஸின் டன்கர்க் அணிக்குச் செல்ல விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய அணி கட்டணம் கேட்கலாம் என்ற அக்கால நடைமுறை அவருக்குத் தடையாக நின்றது. அவர் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வீரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கட்டணம் கேட்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிகளும் பின்னர் இதே திசையில் அமைந்தன. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்திருந்தாலோ, முடிவதற்கு 6 மாதங்கள் மட்டுமே எஞ்சியிருந்தாலோ, அவர் வேறொரு அணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பேச்சுவார்த்தையைத் தொடங்கும் முன் புதிய அணி, பழைய அணிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வீரர்களின் ஒப்பந்தம் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கும், 18 வயது நிரம்பாதோருக்கு 3 ஆண்டுகளுக்கும் மட்டுமே இருக்கலாம்.

இந்த 6 மாதக் கணக்கே பல அணிகளுக்குச் சிக்கலாக அமைகிறது. ஒரு வீரரின் ஒப்பந்தம் மே 31 அன்று முடிவதாகக் கொண்டால், முந்தைய டிசம்பர் மாதத்திலேயே போட்டி அணிகள் அவரை அணுகலாம். வழக்கமான ஆண்டில் அப்போது பருவம் பாதிகூட முடிந்திருக்காது. வீரர் கோல் அடிக்க அடிக்க அவரது மதிப்பு உயரும். அவரைத் தக்கவைக்கும் செலவும் உயரும். பருவம் முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் நிர்வாகத்துக்கு, அப்போது பேரம் பேசும் வலு மிஞ்சியிருப்பதில்லை.

மூன்று கோடைகள், ஒரே கதை

டயமன்டகோஸின் விலகல் கொச்சி அணிக்குப் புதிய அனுபவம் அல்ல. 2021-22 பருவத்தில் அணியை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்ற முன்கள வீரர்கள் ஸ்பெயினின் அல்வாரோ வாஸ்கெஸ், அர்ஜென்டினாவின் ஹோர்ஹே பெரேரா டியாஸ் ஆகிய இருவர். இருவரும் தலா 8 கோல்கள் அடித்தனர். அடுத்த பருவம் தொடங்கும் முன் வாஸ்கெஸ் எஃப்.சி. கோவாவுக்கும், கடன் முறையில் கொச்சிக்கு வந்திருந்த டியாஸ் மும்பை சிட்டிக்கும் சென்றுவிட்டனர்.

மும்பை சிட்டி 2022-23-ல் லீக் கேடயத்தை வென்றபோது டியாஸ் அந்த அணியில் இருந்தார். 2024 மே மாதம் மோகன் பகான் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று மும்பை கோப்பையைக் கைப்பற்றிய இறுதிப் போட்டியில், சமன் செய்த கோலை அடித்தவரும் அவரே.

டியாஸ், வாஸ்கெஸ் ஆகியோரின் இடத்தை நிரப்ப 2022-ல் வந்தவர்தான் டயமன்டகோஸ். முதல் பருவத்தில் 10 கோல்கள், இரண்டாவது பருவத்தில் 13 கோல்கள் என உயர்ந்த அவரும், 2024 கோடையில் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 31. அந்த வயதில் ஒரு முன்கள வீரருக்கு நீண்டகால ஒப்பந்தம் கிடைக்கும் வாய்ப்புகள் மிகச் சில. எனவே, தங்கக் காலணி கையில் இருக்கும்போது சிறந்த நிபந்தனைகளைத் தேடுவது வீரரின் பார்வையில் இயல்பானதே.

ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போது நிலைமை எவ்வாறு மாறுகிறது என்பதற்கும் கொச்சியிலேயே சான்று உள்ளது. கேரள ரசிகர்களின் செல்லப்பிள்ளையான சஹல் அப்துல் சமத் 2023 ஜூலையில் மோகன் பகான் அணிக்குச் சென்றபோது, அவரது ஒப்பந்தத்தில் காலம் எஞ்சியிருந்தது. அதனால் இடமாற்றக் கட்டணத்துடன், தற்காப்பு வீரர் பிரீதம் கோட்டாலும் கொச்சிக்கு வந்தார். சஹலும் சென்றார், டயமன்டகோஸும் சென்றார். ஆனால் முதலாமவரின் விலகல் அணிக்கு வரவு தந்தது. இரண்டாமவரின் விலகல் இழப்பாக மட்டுமே முடிந்தது.

உருகுவே வீரர் அட்ரியன் லூனா விஷயத்தில் நிர்வாகம் முன்கூட்டியே செயல்பட்டது. 2023 டிசம்பரில் காயமடைந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்த நிலையிலும், 2024-ல் அணித் தலைவரான அவரது ஒப்பந்தம் 2027 வரை நீட்டிக்கப்பட்டது.

பணம் மட்டும் போதுமா?

ஒரு நட்சத்திர ஃப்ரீ ஏஜென்டை ஓர் அணி பெறுமா என்பதை நான்கு அம்சங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, சம்பள உச்சவரம்பு. இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணி வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கு மேல்வரம்பு உண்டு. 2021-22 பருவத்தில் அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது. ஒரு நட்சத்திரத்துக்குக் கூடுதலாகத் தரும் ஒவ்வொரு ரூபாயும், அணியின் மற்ற வீரர்களுக்கான தொகையிலிருந்தே குறைகிறது.

இரண்டாவது, வெளிநாட்டு வீரர்களுக்கான இட ஒதுக்கீடு. 2021-22 பருவம் முதல் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்கள் மட்டுமே களத்தில் ஆடலாம் என விதி மாற்றப்பட்டது. எனவே புதிய முன்கள வீரர் வர வேண்டுமானால், நடுக்களத்திலோ தற்காப்பிலோ ஒருவருக்கான இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஒப்பந்தக் காலம். இடமாற்றக் கட்டணம் இல்லை என்பதால் ஃப்ரீ ஏஜென்ட் மலிவாகக் கிடைப்பார் என்று கருதுவது தவறு. மிச்சமாகும் அத்தொகையின் ஒரு பகுதியைக் கையெழுத்து ஊக்கத்தொகையாகவோ, உயர்ந்த ஊதியமாகவோ, நீண்ட ஒப்பந்தமாகவோ வீரர் கேட்பார். ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வரும் அணிக்கும் ஈராண்டு தர முன்வரும் அணிக்கும் இடையே, 30 வயதைக் கடந்த வீரரின் தேர்வு பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும்.

நான்காவது, நிச்சயம். பயிற்சியாளர் யார், தொடர் எப்போது தொடங்கும், ஊதியம் தடையின்றி வருமா என்ற கேள்விகளுக்கு வீரர் விடை தேடுவார். 2024 ஏப்ரலில் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சைப் பிரிந்த கேரளா பிளாஸ்டர்ஸ், மே மாதத்தில் ஸ்வீடனின் மிக்கேல் ஸ்டாரேவை நியமித்தது. அவரும் அதே ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டார்.

இந்த நான்காவது அம்சம் 2025-ல் நாடு முழுவதற்குமான நெருக்கடியாக மாறியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தொடரை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவடையும் நிலையில், புதுப்பித்தல் குறித்துத் தெளிவு ஏற்படவில்லை. இதனால் 2025 ஜூலையில் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் போட்டிகள் அந்த ஆண்டு முடியும் வரை தொடங்கவே இல்லை. தொடரே உறுதியாக இல்லாதபோது, எத்தனை பெரிய ரசிகர் பட்டாளமும் ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்தை ஈர்க்கப் போதாது.

அமெரிக்கக் கூடைப்பந்து காட்டும் வழி

ஃப்ரீ ஏஜென்ட் என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியதில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடருக்குப் பெரும் பங்கு உண்டு. 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ், கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமிக்குச் செல்வதைத் தொலைக்காட்சி நேரலையில் அறிவித்தார். மயாமி 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. 2014-ல் மீண்டும் ஃப்ரீ ஏஜென்டாகக் கிளீவ்லாந்துக்குத் திரும்பிய அவர், 2016-ல் அந்த நகருக்கும் பட்டம் பெற்றுத் தந்தார்.

அங்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால், தன்னிடம் ஏற்கெனவே ஆடிவரும் வீரரைத் தக்கவைக்க ஓர் அணி அந்த வரம்பைத் தாண்டலாம் என்ற சலுகையும் உண்டு. பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற வீரர் லாரி பேர்டின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஒரு வீரரை வளர்த்த அணிக்கு, அவரைத் தக்கவைப்பதில் சிறு முன்னுரிமை தருவதே அதன் நோக்கம். அத்தகைய முன்னுரிமை ஏதும் டயமன்டகோஸ் விஷயத்தில் கொச்சி அணிக்குக் கைகொடுக்கவில்லை.

சிறிய அணிகளுக்கும் இழப்பு

ஒப்பந்தம் முடிந்து வீரர் செல்வதால் பாதிக்கப்படுவது பெரிய அணி மட்டுமல்ல. ஒப்பந்தக் காலத்தில் கட்டணத்துடன் நிகழும் சர்வதேச இடமாற்றங்களில், அத்தொகையின் 5 சதவீதம் அந்த வீரரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. கட்டணமே இல்லாத இடமாற்றத்தில் பகிர்வதற்கு எதுவும் இருக்காது. சிறுவர்களை வளர்த்தெடுக்கும் சிறிய பயிற்சிக் கழகங்கள், தாங்கள் உருவாக்கிய வீரர் வெளிநாட்டு அணிக்குச் செல்லும் நாளில் இந்தப் பங்கைப் பெற வேண்டுமானால், அவர் ஒப்பந்தம் முடியும் முன்பே செல்ல வேண்டும்.

நட்சத்திரம் வந்தால் வெற்றி வருமா?

2024-25 பருவத்தின் முடிவு இக்கேள்விக்குத் தெளிவான விடை தந்தது. டயமன்டகோஸுக்கு மாற்றாக வந்த ஸ்பெயின் வீரர் ஹெசுஸ் ஹிமெனெஸ் 11 கோல்கள் அடித்தார். நோவா சதாவியும் தாக்குதலுக்கு வலுசேர்த்தார். ஆயினும் கேரளா பிளாஸ்டர்ஸ் 8-வது இடத்தையே பிடித்து, பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. அடித்த கோல்களைவிட வாங்கிய கோல்கள் அதிகம் என்பதே அந்தப் பருவத்தின் கணக்கு. மறுபுறம், டயமன்டகோஸைப் பெற்ற ஈஸ்ட் பெங்கால் 9-வது இடத்தில் முடித்தது. கொச்சியில் அடித்த கோல்களின் எண்ணிக்கையை அவரால் அங்கு எட்ட முடியவில்லை. அவரை இழந்த அணிக்கும் பெற்ற அணிக்கும் இடையே பட்டியலில் ஒரே ஓர் இடம்தான் வேறுபாடு.

எனவே, அடுத்த கோடையில் எந்த நட்சத்திரம் வருவார் என்று காத்திருக்கும் மட்டாஞ்சேரி ரசிகர், அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்போது அணியில் இருப்பவர்களில் யாருடைய ஒப்பந்தம் மே மாதத்தில் முடிகிறது என்பதே அக்கேள்வி. அதற்கு நிர்வாகம் குறித்த காலத்தில் விடை கண்டால், புதிதாக வருபவர் வெறுமையான இடத்தை நிரப்பும் நிலை இராது. ஏற்கெனவே நிலைபெற்ற அணிக்கு அவர் கூடுதல் பலமாக அமைவார்.